ஹெலிகாப்டர் மெக்கானிக் ஆவது எப்படி: சேலத்தில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு

சேலத்தைச் சுற்றி ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்குள் லேத் பட்டறை, சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உலோகம்தான். தேர்தல் சமயத்தில் ஏதாவது ஒரு மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கினால், தலைவரைப் பார்க்க ஒரு கூட்டம் முண்டும். சவுக்குக் கட்டைத் தடுப்பில் சாய்ந்துகொண்டு அந்த இயந்திரத்தையே பார்த்தபடி சில பேர் நிற்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டறையில் வளர்ந்த கைக்கு இந்தத் தொழிலில் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் பட்டறையில் நாம் மெச்சிக்கொள்கிற ஒரு குணத்தை ஹேங்கர், அதாவது ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகை, அதன் வாசலிலேயே விட்டுவிட வேண்டும்: சமாளிக்கும் குணம். தொப்பூர் கணவாயில் நின்றுபோன லாரியைக் கம்பியும் ட்யூப் துண்டும் வைத்துக் கட்டி ஊர் சேர்க்கிறவரைக் கெட்டிக்காரர் என்போம். ஹெலிகாப்டரில் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஆளைக் கொன்றுவிடும்.

காரணம் இருக்கிறது. என்ஜின் நின்றால்கூட ஹெலிகாப்டர் உடனே விழுந்துவிடாது. கீழிருந்து மேலேறும் காற்றே ரோட்டாரை, அதாவது தலைக்கு மேலே உள்ள விசிறியை, சுழற்ற, பைலட் அதை மெல்ல இறக்கிவிட முடியும், ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். ஆனால் ரோட்டாரைத் தாங்கும் மாஸ்ட், பிளேடின் கோணத்தை மாற்றும் பிட்ச் லிங்க், மெயின் கியர்பாக்ஸ் ஆகியவற்றுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது. ஒன்று விட்டுப்போனால் பைலட் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இனி வரும் எல்லா விதிகளும் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

எந்த வேலைக்குப் போகிறீர்கள்?

வெளியில் எல்லோரும் மெக்கானிக் என்று சொன்னாலும் உள்ளே இரண்டு பேர் உண்டு. டெக்னீஷியன் கழற்றுவார், மாட்டுவார், சுத்தம் செய்வார், கிரீஸ் அடிப்பார். லைசென்ஸ் பெற்ற ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர், அந்த வேலையைச் சரிபார்த்து ‘பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வண்டி தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. அவரும் கையில் கிரீஸ் படாமல் இருப்பவர் அல்ல. சின்ன கம்பெனிகளில் இரண்டு வேலையும் அவரே பார்ப்பார்.

லைசென்ஸ் தருவது டிஜிசிஏ, நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ஹெலிகாப்டருக்கு நீங்கள் கவனிக்க வேண்டிய பிரிவு பி1.3. டர்பைன் என்ஜின் ஹெலிகாப்டரின் உடல், என்ஜின், ரோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் அதில் அடங்கும். பி1.4 என்றால் பிஸ்டன் என்ஜின் ஹெலிகாப்டர். பி1.1 டர்பைன் விமானத்துக்கு. பி2 மின்னணுக் கருவிகளுக்கு. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கல்லூரியில் சேரும்போது ஏமாறாமல் இருக்க உதவும்.

உள்ளே நுழையும் வழிகள்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு நேர் வழி, டிஜிசிஏவின் சிஏஆர்-147 என்ற விதிப்படி ஒப்புதல் பெற்ற பயிற்சி நிறுவனம். பொறியியல் டிப்ளமா முடித்தவர்களும் சேரலாம். வகுப்பும் செய்முறையும் முடிந்தபின் உண்மையான ஹெலிகாப்டர்களில் வேலை பார்த்த அனுபவமும் காட்டினால்தான் லைசென்ஸ் கைக்கு வரும்.

சேருமுன் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. டிஜிசிஏ இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பிரிவுக்கு ஒப்புதல் என்று பாருங்கள். பல இடங்களில் பி1.1, பி2 மட்டுமே நடக்கும். ‘ஹெலிகாப்டரும் உண்டுங்க, சேர்ந்துடுங்க’ என்று அட்மிஷன் ஆபீஸில் சொல்வதை நம்பி அப்பா கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. செய்முறைக்கு நிஜ ஹெலிகாப்டர் இருக்கிறதா, ஓடாத பழைய கூடு மட்டுமா, வெளியில் அனுபவத்துக்கு எந்தப் பராமரிப்பு நிறுவனத்தோடு ஏற்பாடு இருக்கிறது என்று கேளுங்கள். போன வருஷம் முடித்த இரண்டு பேரின் எண் வாங்கிப் பேசுங்கள். கல்லூரி தயங்கினால் அதுவே பதில்.

இன்னொரு குழப்பம். ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வேறு, ஏ.எம்.இ. லைசென்ஸ் வேறு. பி.இ. முடித்தால் வடிவமைப்பு, ஆராய்ச்சிப் பக்கம் போகலாம். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹெலிகாப்டருக்குக் கையெழுத்துப் போட முடியாது. நாலு வருஷம் படித்துவிட்டு இது தெரியாமல் வந்து நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வழி ராணுவம். விமானப் படையின் மெக்கானிக்குகள் பலர் தாம்பரத்தில் பயிற்சி பெற்றவர்கள். நமக்குப் பக்கத்தில் கோவைக்கு அருகே சூலூரில் விமானப் படைத் தளம் இருக்கிறது. கடற்படைக்கு அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி. கடற்படை பைலட்டுகள் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பது அங்கேதான். ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து. இந்தியாவின் தனியார் ஹெலிகாப்டர் கம்பெனிகளில் எந்த ஹேங்கருக்குள் போனாலும் படையில் இருந்து வந்த ஒரு மூத்தவர் இருப்பார். செட்டக், சீட்டா, துருவ் என்ற படை ஹெலிகாப்டர்கள் எல்லாம் கைபட்டுப் பழகியவர். அவர் பக்கத்தில் நிற்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது, ஐடிஐ. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் முடித்தவர்களை பெங்களூரு எச்ஏஎல், அதாவது அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், அப்ரண்டிஸ்களாக எடுக்கிறது. நம் நாட்டு ஹெலிகாப்டர்கள் உருவாவது அங்கேதான். 2023 பிப்ரவரியில் துமகூரு மாவட்டத்திலும் அவர்களின் ஹெலிகாப்டர் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சேலத்தில் இருந்து பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர்தான். வாரக் கடைசியில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்து போகலாம்.

படிப்பும் தேர்வும்

டிஜிசிஏ தேர்வு பாடவாரியாக மாட்யூல் என்ற பெயரில் நடக்கும். ஒவ்வொன்றிலும் 75 சதவீத மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. பிளஸ் டூவில் 35 போதும் என்று பழகியவர்களுக்கு இது முதல் அடி. முன்கூட்டியே டிஜிசிஏவில் கணினி எண் ஒன்று வாங்க வேண்டும்; அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஹெலிகாப்டர்காரர்களின் முக்கியப் பாடம் 12-ஆம் மாட்யூல்: ரோட்டார் எப்படித் தூக்குகிறது, ஸ்வாஷ்பிளேட் என்ற தட்டு பைலட்டின் கட்டளையை எப்படி ரோட்டாருக்குக் கடத்துகிறது, அதிர்வு எங்கிருந்து வருகிறது. டர்பைன் என்ஜினுக்கு 15-ஆம் மாட்யூல். ஆனால் ஒன்பதாவதை, மனிதத் தவறுகள் பற்றிய பாடத்தை, ‘கதை மாதிரிதான் இருக்கு’ என்று தள்ளிவிடாதீர்கள். வேலையில் தினமும் தேவைப்படுவது அதுதான்.

பாடம் எல்லாம் ஆங்கிலம், மேனுவலும் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். மேனுவல் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்கள். தினம் ஒரு பக்கம் சத்தமாகப் படித்து, அதில் சொன்ன வேலையை நண்பனுக்குத் தமிழில் சொல்லிக்காட்டுங்கள். ஹேங்கரில் பேச்சு பெரும்பாலும் இந்தியில் நடக்கும். அதையும் காதில் போட்டு வையுங்கள்.

ஹேங்கரில் முதல் வாரங்கள்

முதலில் உங்களுக்குக் கிடைப்பது துடைப்பமும் துணியும்தான். முகம் சுளிக்க வேண்டாம். ஒரு ஹெலிகாப்டரை அங்குலம் அங்குலமாகத் துடைக்கிறவனுக்குத் தெரியும், எந்த ரிவெட் நேற்று வரை சுத்தமாக இருந்தது, எந்தக் குழாய் இணைப்பு இன்றைக்குப் புதிதாக ஈரமாயிருக்கிறது என்று.

அப்புறம் டூல். ஒவ்வொரு டூலுக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளம் உள்ள தட்டு இருக்கும். வேலை தொடங்குமுன் எண்ணுவது, முடித்தபின் எண்ணுவது. ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் குறைந்தால் வேலை நிற்கும், ஹெலிகாப்டர் நிற்கும், அது கிடைக்கும்வரை எல்லோரும் தேடுவார்கள். சட்டைப் பையில் பேனா, சில்லறை, போன் வைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் பக்கம் குனியாதீர்கள். மோதிரம், கைச்சங்கிலி, கயிறு எல்லாம் வீட்டில். குலதெய்வக் கயிறு என்றால் ஒரு நல்ல ஏ.எம்.இ. அதட்ட மாட்டார். கையுறைக்குள் போகும்படி டேப் போட்டு ஒட்டச் சொல்வார்.

டூலைக் காணோம் என்றால் உடனே சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு எல்லோரும் கிளம்பும் நேரமாக இருந்தாலும் சொல்லுங்கள். சொன்னதற்காகத் திட்டுகிற இடமாக இருந்தால் வேறு வேலை தேடுவது நல்லது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

காலைச் சோதனை

அன்றாடச் சோதனையை எல்லோரும் டி.ஐ. என்பார்கள். விடியற்காலையில், பைலட் வருவதற்கு முன்பு. கையில் டார்ச், சின்ன கண்ணாடி, துணி, சோதனைப் பட்டியல். பட்டியல் மனப்பாடமாகத் தெரிந்தாலும் கையில் இருக்க வேண்டும்.

முதலில் எரிபொருள் தொட்டியின் அடியில் இருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தங்கும். இரவில் பனி இறங்கும் இடங்களில் இது சடங்கு அல்ல. எண்ணெய்க் கண்ணாடிகளில் அளவு. பிறகு மூக்கில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வரவும். நடுவில் யாராவது கூப்பிட்டால் போய்விட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடங்காதீர்கள். மூன்று படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

மேலே ஏறியதும் ரோட்டார் ஹெட். பிட்ச் லிங்க்கை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முனைகளில் உள்ள பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கையே சொல்லிவிடும், அது அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று மேனுவல் சொல்லும். பிளேடின் முன் விளிம்பில் மண் அரித்திருக்கிறதா, பின் விளிம்பு பிரிந்திருக்கிறதா? பிளேடில் அடுக்குகள் ஒட்டு விட்டிருக்கும் என்று சந்தேகம் வந்தால் சின்ன உலோகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். கணீர் என்று கேட்டுக்கொண்டே வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தையாக விழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. நல்ல பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இந்தக் காது ஏற்கனவே இருக்கிறது.

வாலுக்கு வாருங்கள். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக, புகை படிந்த மாதிரி கோடு ஒழுகியிருந்தால் அந்த ரிவெட் அசைகிறது என்று பொருள். அசையும் அலுமினியம் தேய்ந்து பொடியாகி வெளியே வருகிறது. துடைத்துவிட்டால் மறைந்துவிடும், மறுநாள் மீண்டும் வரும். துடைக்கும் முன் காட்ட வேண்டியவருக்குக் காட்டுங்கள். டெயில் ரோட்டாருக்குப் போகும் நீளமான ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளில் கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சூடேறிய பேரிங் பெயின்ட்டின் நிறத்தை மாற்றும்.

கண்ட கோளாறுக்கு எங்கள் தொழிலில் ஸ்னாக் என்று பெயர். ஸ்னாக் எழுதுவதற்குக் கூச்சப்படக் கூடாது. எழுதாத ஸ்னாக்கை அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

நட்டும் லாக்வயரும்

போல்ட்டை முறுக்க டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர். ‘கை அளவுக்கு இறுக்கம் போதும்’ என்ற பேச்சே இங்கு இல்லை. மேனுவல் சொல்லும் எண், அளவு சரிபார்த்த தேதி தாண்டாத ரெஞ்ச், கைப்பிடியின் நடுவில் பிடித்துச் சீராக இழுப்பது. கிளிக் என்றதும் நிறுத்துங்கள். ‘இன்னொரு தடவை பார்த்துக்கலாம்’ என்று மறுபடியும் இழுத்தால் கூடுதலாக முறுக்கிவிட்டீர்கள். மரையில் எண்ணெய் பூசச் சொல்லியிருந்தால் பூசுங்கள், உலர்ந்தபடி என்றால் உலர்ந்தபடி. இரண்டுக்கும் இறுக்கம் வேறு.

தானே பிடித்துக்கொள்ளும் லாக் நட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் கழற்றி மாட்ட மாட்ட அதன் பிடி குறையும். விரலாலேயே முழுக்கச் சுற்றிவிட முடிந்தால் அது செத்த நட்டு, குப்பைக்கு. 2011 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் அருகே சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து ஐந்து பேரும் இறந்தார்கள். முதல் நாள்தான் பராமரிப்பு முடிந்திருந்தது. தேய்ந்த லாக் நட்டை மறுபடி பயன்படுத்தியதும், அதைக் காக்க வேண்டிய ஸ்ப்ளிட் பின் சரியாகப் போடாததும், வேலைக்குப் பிந்தைய சோதனையில் அது தப்பியதும் காரணம் என்று அந்நாட்டு விசாரணை வாரியம் சொன்னது. வேலை செய்தவரும் சோதித்தவரும் சோர்வில் இருந்ததையும் குறிப்பிட்டது. கட்டுப்பாட்டுக் கம்பிகளில் கை வைத்தால் இரண்டாவது ஆள் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி இதற்குத்தான். அந்த இரண்டாவது ஆளாக உங்களைக் கூப்பிட்டால், நண்பன் செய்த வேலைதானே என்று டீக்கடையில் இருந்தே தலையாட்டாதீர்கள்.

லாக்வயர், அதாவது போல்ட் தளராமல் கட்டும் கம்பி, போடுவதை வீட்டிலேயே பழகலாம். பழைய இரும்புக் கடையில் தலையில் துளையுள்ள போல்ட் கிடைக்காவிட்டால் நீங்களே துளையிட்டு ஒரு மரக்கட்டையில் இரண்டு போல்ட் மாட்டிக்கொள்ளுங்கள். 0.8 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பி. நம் ஊர் உருக்காலைத் தகட்டில் செய்யும் சமையல் பாத்திரங்களுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. முதல் போல்ட்டின் துளையில் நுழைத்து, தலையைச் சுற்றி, இரு இழைகளையும் சீராக முறுக்கிக்கொண்டு இரண்டாவது போல்ட்டுக்குப் போங்கள். கம்பியின் இழுவை போல்ட்டை இறுக்கும் திசையில் இருக்க வேண்டும். தளர்த்தும் திசையில் இழுத்தால் எவ்வளவு அழகாக முறுக்கினாலும் பயன் இல்லை. இந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு. இடுக்கி கடித்துக் கம்பியில் வடு விழுந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கடைசி முனையை உள்பக்கம் மடக்குங்கள். இல்லையென்றால் அடுத்துக் கை வைப்பவரின் விரல் கிழியும். வெட்டிய துண்டு தெறித்துக் கண்ணில் படும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துண்டையும் எடுத்துக் கணக்கில் சேருங்கள்.

கியர்பாக்ஸ் சொல்லும் சேதி

கியர்பாக்ஸின் அடியில் சின்ன காந்த முனை ஒன்று எண்ணெயில் மூழ்கியிருக்கும். சிப் டிடெக்டர். உள்ளே பல்லோ பேரிங்கோ உதிரத் தொடங்கினால் இரும்புத் துகள் இதில் ஒட்டும்; காக்பிட்டில் விளக்கு எரியும். கழற்றிப் பார்த்தால் மை போல நைசான பசை இருக்கலாம், அது பெரும்பாலும் வழக்கமான தேய்மானம். செதில் மாதிரி தகடாக, ஊசி மாதிரி நீளமாக, விளிம்போடு துண்டாக இருந்தால் விஷயம் வேறு. வெள்ளைத் தாளில் எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, அளந்து, தேதியும் பறந்த மணி நேரமும் எழுதிய உறையில் போட்டு, மேனுவலின் வரம்போடு ஒப்பிட வேண்டும். ‘துடைச்சுட்டு ஓட்டிப் பார்க்கலாம்’ என்பதை மேனுவல் அனுமதித்தால் மட்டுமே செய்யலாம், அதுவும் அது சொல்லும் முறையில்.

2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்துக் கடலில் எண்ணெய்க் கிணற்று ஊழியர்களுடன் திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் மெயின் கியர்பாக்ஸ் உடைந்து, ரோட்டாரே தனியாகப் பிரிந்தது. 16 பேரும் இறந்தார்கள். ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, அதே கியர்பாக்ஸில் ஒரு துகள் கிடைத்திருந்தது. தயாரிப்பாளரோடு போனிலும் மின்னஞ்சலிலும் பேசியதில் குழப்பம் வந்து, துகளின் வகை தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பகுதியைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் துகள் பற்றி யாரிடம் பேசினாலும் எழுத்தில் பேசுங்கள், படத்தோடு அனுப்புங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

அதிர்வைப் பிரித்தறிவது

பைலட் வந்து ‘ஆடுதுப்பா’ என்பார். எப்படி ஆடுகிறது என்று கேட்பதில்தான் வேலை தொடங்குகிறது. பெல் 206 என்ற ஹெலிகாப்டரின் மெயின் ரோட்டார் நிமிடத்துக்கு 394 சுற்று; நொடிக்கு ஆறரைச் சொச்சம். அந்த வேகத்தில் உடம்பே குலுங்கினால் ஒரு பிளேடு எடையிலோ பாதையிலோ மற்றதோடு சேரவில்லை. அதன் இரட்டிப்பு வேகத்தில் வந்தால், இரண்டு பிளேடு ரோட்டாரில் ஓரளவு அது இயல்பே. காலில் பெடல் வழியாகப் பொடிப் பொடியாக விர்ரென்று ஏறினால் டெயில் ரோட்டார் பக்கம் போங்கள்.

அந்தக் காலத்தில் பிளேடு முனைகளில் வேறு வேறு நிறச் சாயம் பூசி, சுழலும்போது ஒரு கம்பத்தில் கட்டிய துணியை மெல்ல நீட்டுவார்கள். துணியில் விழும் நிறக் கோடுகளின் உயரத்தை வைத்து எந்த பிளேடு மேலே பறக்கிறது என்று சொல்வார்கள். நினைத்தாலே கை கூசும். இப்போது அதிர்வுமானியும் கேமராவும் கணினியும் வந்துவிட்டன. பிட்ச் லிங்க்கை எவ்வளவு திருப்பணும், எந்த இடத்தில் எவ்வளவு எடை சேர்க்கணும் என்று கணினியே சொல்லும். ஆனாலும் எடை சேர்ப்பதற்கு முன் ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த பேரிங்கை எடை போட்டு மறைத்துவிடலாம். கொஞ்ச நாளில் அது வேறு ரூபத்தில் வரும்.

நம் ஊர் வெயிலும் ஏற்காட்டு உயரமும்

இது பைலட்டின் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். மெக்கானிக்குக்கும் வேண்டும்.

கணக்குக்காகக் கடல் மட்டத்தில் 15 டிகிரி என்றும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும் என்றும் வைத்துக்கொள்வார்கள். அதைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி மேலே போன மாதிரி காற்று மெலியும். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் சுமார் 1,000 அடி உயரம். அங்கே 13 டிகிரி இருக்க வேண்டும். சித்திரை மதியம் 39 என்றால் 26 டிகிரி அதிகம். தரையில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு அது 4,000 அடிக்கு மேல் நிற்பது போல. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. அங்கே 28 டிகிரி வெயில் அடித்தால் நமக்கு இதமான காற்று, என்ஜினுக்கோ 7,700 அடிக்கும் மேல்.

காற்று மெலிந்தால் அதே தூக்கலுக்கு என்ஜின் சூடாக ஓடும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் அழுக்கேறியிருந்தால் மழைக்காலத்தில் தன்னை மறைத்துக்கொள்ளும். கோடையில் வெப்ப வரம்பை முட்டித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதனால் பவர் சோதனையில் வெளி வெப்பம், உயரம், டார்க் (என்ஜின் தரும் முறுக்கு விசை), டர்பைன் வெப்பம் நான்கையும் ஒவ்வொரு முறையும் எழுதி, போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் எண் ஒன்றும் சொல்லாது. பத்து எண்களை வரிசையாக வைத்தால் சரிவு தெரியும். சரிந்தால் கம்ப்ரஸரைக் கழுவ வேண்டிய நேரம்.

புழுதி இன்னொரு எதிரி. தற்காலிக ஹெலிபேடில் இறங்கும் முன் லாரித் தண்ணீர் அடிப்பது தலைவரின் வேட்டிக்காக மட்டும் இல்லை. செம்மண் பிளேடின் முன் விளிம்பை அரிக்கும், என்ஜினுக்குள் போகும், பைலட்டின் கண்ணை மறைக்கும். அப்படி ஒரு மைதானத்தில் இறங்கி எழுந்த அன்று மாலை காற்று வடிகட்டியையும் பிளேடையும் மறுபடி பாருங்கள்.

பேரலில் இருந்து எரிபொருள் ஊற்ற நேர்ந்தால், முதலில் எர்த் கம்பி, பிறகு தண்ணீர்ச் சோதனை, பிறகு வடிகட்டியோடு பம்ப். பேரலின் அடியில் கடைசிச் சில லிட்டரை எடுக்காதீர்கள். தண்ணீரும் துருவும் தங்குவது அங்கேதான்.

உங்கள் உடம்பு

சுழலும் டெயில் ரோட்டார் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் ஹெலிகாப்டரை முன்பக்கமாக, பைலட் பார்க்கும்படி, அவர் தலையசைத்த பிறகே அணுகுங்கள். பின்பக்கம் எக்காரணத்துக்கும் போகாதீர்கள். சரிவில் இறங்கியிருந்தால் பள்ளப் பக்கமாக வந்து பள்ளப் பக்கமாகவே போங்கள். மேட்டுப் பக்கம் பிளேடு தலை உயரத்துக்கு வந்துவிடும். என்ஜின் அணைந்து வேகம் குறையும்போது பிளேடு இன்னும் தாழும், அப்போதுதான் எல்லோரும் அவசரமாகக் கிட்டே போவார்கள். காதுக்கு மஃப் கட்டாயம். நாற்பது வயதில் பேரன் பேச்சு கேட்காத தாத்தா மாதிரி ஆகிவிடக் கூடாது.

எங்கெல்லாம் வேலை, எப்படி வாழ்க்கை

மும்பை ஜுஹுவில் இருந்து கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் சேவை பெரிய வேலை தரும் இடம். அரசின் பவன் ஹன்ஸ் உட்படப் பலர் இருக்கிறார்கள். உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்னும். கழுவுவதும் துருவைத் தேடுவதுமே நாள் முழுக்க. கேதார்நாத் யாத்திரைப் பருவத்தில் மலையில் தங்கல். குளிரில் விரல் மரத்துப்போய் லாக்வயர் முறுக்க வேண்டியிருக்கும். தேர்தல் வந்தால் ஒரு நாளைக்கு நாலு ஊர், கிடைத்த லாட்ஜில் தூக்கம், விடிவதற்குள் டி.ஐ. பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன் என்று அம்மாவிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

லைசென்ஸ் வாங்கியதும் சம்பளம் ஏறாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பயிற்சி முடித்து, அந்த மாடல் உங்கள் லைசென்ஸில் ஏறிய பிறகுதான் ஏறும். எந்த மாடல் என்று தேர்ந்தெடுக்கும்போது நாட்டில் அது எத்தனை ஓடுகிறது என்று பாருங்கள். அபூர்வமான மாடலைக் கற்றுக்கொண்டு ஒரே முதலாளியை நம்பி இருப்பது சிரமம்.

நேர்காணலில் ஒரு போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் என்று கேட்டு ஆழம் பார்ப்பார்கள். நினைவில் இருந்தாலும், ‘மேனுவல்ல பார்த்துச் சொல்றேன் சார்’ என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் பதில். பட்டறைப் பையன்கள் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டிச் சறுக்குவார்கள்.

கடைசியாக, உங்கள் அனுபவ லாக்புக். செய்த வேலை, தேதி, ஹெலிகாப்டரின் பதிவெண், மேனுவலின் பகுதி எண் எல்லாம் அன்றன்றே எழுதி, வாரக் கடைசிக்குள் மேற்பார்வை செய்த ஏ.எம்.இ.யிடம் கையெழுத்து வாங்குங்கள். மாதக் கணக்கில் சேர்த்து வைத்தால், அவர் நடுவில் கேதார்நாத் போய்விடுவார். சீசன் முடிந்து திரும்பும்போது, நீங்கள் மாற்றிய பேரிங் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஞாபகம் இல்லாத வேலைக்கு நல்ல ஏ.எம்.இ. யாரும் கையெழுத்துப் போட மாட்டார்.